முதல் வெட்டு

எங்கள் வீட்டில் பரங்கிக்காய்க் குழம்பு வைக்கப் புளி, மிளகாய், காராமணியோடு ஓர் ஆண்பிள்ளையும் வேண்டும். முழுக் காயில் முதல் வெட்டு ஆண் கையால்தான் விழ வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குப் பிறகு பெண்கள் அதை அரிவாள்மணையில் வைத்து எப்படி வேண்டுமானாலும் துண்டு போடலாம், தோலைச் சீவலாம், குடலை வழித்து எறியலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் முழுக் காயை ஒரு பெண் பிளந்துவிட்டால் அந்த வீட்டு ஆண்பிள்ளையின் உயிருக்கு ஆகாது. ஏன் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பரங்கிக்காய்க்கும் ஆண்களுக்கும் நடுவில் ஏதோ பழைய ஒப்பந்தம் இருக்கிறது என்று நானும் நம்பினேன்.

பூந்தமல்லியிலிருந்து செம்பரம்பாக்கம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ஊர். ஏரித் தண்ணீர் பாய்கிற பள்ளத்தில் நெல், மேட்டில் கேழ்வரகு, மாட்டுக்கொட்டகையின் கூரைமேல் பரங்கி. ஆடியில் விதை ஊன்றினால் தைக்குள் கொடி கூரையை மூடிவிடும். பொங்கலுக்குப் பிஞ்சும் இளங்காயுமாகப் பறித்தது போக, மிச்சத்தை முற்றவிட்டுப் பரண்மேல் வைக்கோல் பரப்பி அடுக்கி வைப்போம். அடுத்த ஆடி வரைக்கும் கெடாது.

நைனா, அதாவது என் அப்பா, ஊரில் இருந்தவரைக்கும் முதல் வெட்டு ஒரு விஷயமே இல்லை. கழனியிலிருந்து வந்ததும் காயைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு கொடுவாளை ஒரே போடாகப் போடுவார். காய் இரண்டாகப் பிளந்து உள்ளே மஞ்சளாகச் சிரிக்கும். "காராமணி ஊறப் போட்டியா?" என்று அடுப்பங்கரைப் பக்கம் பார்த்துக் கேட்பார். அம்மா காலையிலேயே ஊறப் போட்டிருப்பாள்.

எனக்கு ஐந்து வயது இருக்கும்போது நைனா ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே அரிசி மில்லில் வேலை. எங்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து அப்படிப் போனவர்கள் பலர். அவர் போன பிறகு முதல் வெட்டு தாத்தாவிடம் வந்தது. தாத்தாவுக்குக் கை நடுக்கம். வெட்டு என்று சொல்ல முடியாது, காயின் தோலில் கோணலாக ஒரு கீறல் விழும். அது போதும் என்று அம்மா வாங்கிக்கொள்வாள். தாத்தா வண்டி பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வருவார்கள். அரைஞாண் கயிற்றைத் தவிர உடம்பில் ஒன்றும் இல்லாத, மூக்கு ஒழுகுகிற பயல் அவன். அவன் விரல்களைக் கொடுவாளின் பிடிமேல் வைத்து அம்மா தன் கையால் அழுத்துவாள். எனக்குப் பொறுக்காது. ஏற்றம் இறைக்கவும் முரட்டு மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தவும் தெரிந்த என் அம்மா, இந்த மூக்கொழுகிக்காகக் காத்திருப்பதா?

ஒரு நாள் கேட்டே விட்டேன். அம்மா சிரித்தாள். "ஆம்பளை வெட்டணும்னுதான் சொல்லி வெச்சிருக்காங்க. எம்மாம் பெரிய ஆம்பளைன்னு சொல்லலியே" என்றாள்.

ரங்கூனில் குண்டு விழுந்ததென்று செய்தி வந்த பிறகு அவள் அப்படிச் சிரிக்கவில்லை. ரங்கூன் அரிசி நின்றது, ரங்கூனிலிருந்து நைனாவைப் பற்றிய பேச்சும் நின்றது. அங்கிருந்த நம் ஆட்கள் கால்நடையாக மலை ஏறி வருகிறார்கள் என்று பூந்தமல்லிச் சந்தையில் பேசிக்கொண்டதாகத் தாத்தா வந்து சொன்னார். பட்டணத்திலும் குண்டு விழப்போகிறது என்று மூட்டை முடிச்சோடு ஜனங்கள் எங்கள் சாலை வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் நெல்லைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் களிக்கு மாறினோம். களிக்குத் தொட்டுக்கொள்ளப் பரங்கிக்காய். புளி ஊற்றி ஒரு நாள், வேர்க்கடலை அரைத்துவிட்டு ஒரு நாள், கருவாடு கிடைத்தால் அதோடு ஒரு நாள். தோலைக்கூட வதக்கித் துவையல் அரைத்தாள் அம்மா. விதையைச் சாம்பலில் பிசறிக் காயவைத்து எனக்கு வறுத்துக் கொடுத்தாள். எல்லாம் செய்தாள், ஆனால் முழுக் காயை மட்டும் ஆண் கை படாமல் அடுப்பங்கரைக்குள் கொண்டுவரமாட்டாள். முன்பெல்லாம் விளையாட்டாகச் செய்ததை இப்போது சாமி காரியம்போலச் செய்தாள். தாத்தாவும் ஊரில் இல்லாமல் மூக்கொழுகிக்கு ஜுரமும் வந்த அன்று எங்களுக்கு வெறும் உப்பு மிளகாயோடுதான் களி.

அப்போதுதான் அத்தை வந்து சேர்ந்தாள். அத்தை நைனாவுக்குத் தங்கை. தாயில்லாமல் அண்ணன் தோளிலேயே வளர்ந்தவள். அவளைப் பெரம்பூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பட்டணத்தில் பயம் என்பதாலும், வயிற்றில் பிள்ளை இருந்ததாலும் மாமா அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். அத்தைக்கு அதற்கு முன்னே இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது போனபோது அவளே செத்துப் பிழைத்ததாகச் சொல்வார்கள். "மனசு அதிர்ற மாதிரி ஒண்ணும் அவ காதுல விழக்கூடாது, இந்தத் தடவை போனா ரெண்டு உசுரும் போயிடும்" என்று மருத்துவச்சி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அதை எங்கள் எல்லோருக்கும் உத்தரவாகப் போட்டாள். வீட்டுக்குள் ஓடக்கூடாது, பானையை உருட்டக்கூடாது, குண்டு என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது.

அத்தை மட்டும் தினமும் ஒரு தடவை அண்ணனைப் பற்றிக் கேட்பாள். "எங்க அண்ணன் எங்க வந்துகினு இருக்காரோ" என்பாள், ஏதோ பூந்தமல்லியிலிருந்து வருகிறவரைக் கேட்பதுபோல.

ஆனி மாசத்து வெயிலில் ஒரு நாள் முற்பகலில் அந்த மனிதர் வந்தார். தாத்தா சந்தைக்குப் போயிருந்தார். அத்தை உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருக்க, நான் மாட்டுக்கொட்டகை நிழலில் புளியங்கொட்டை உரசிக்கொண்டிருந்தேன். எலும்பும் தோலுமாக ஒருவர் வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தார். பாதங்களில் கந்தல் சுற்றியிருந்தது. தாடிக்குள் முகமே தெரியவில்லை.

"ரங்கூன் போனவரு ஊடு இதுதானா, பாப்பா?" என்றார்.

நான் கிணற்றடியைக் கை காட்டினேன். அவர் அம்மாவிடம் போய், தான் ஆவடிப் பக்கம் முத்தாபுதுப்பேட்டைக்காரன் என்று சொன்னது காதில் விழுந்தது. அதற்கு மேல் கேட்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தே பேசினார். அம்மா கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். திடீரென்று கயிறு அவள் கையை விட்டு நழுவி ஓடியது, கிணற்றுக்குள் வாளி விழுந்த சத்தம் கேட்டது. அவள் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பேசி முடித்துவிட்டு அவர் படலைப் பக்கம் திரும்பினார். அம்மா ஏதோ சொல்லி அவரை நிறுத்தினாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் விடவில்லை. அவர் போய் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தார். அம்மா தொட்டியில் இருந்த தண்ணீரைக் குடத்தில் மொண்டு, கட்டிய புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். இன்னொரு குடம். மூன்றாவதும் ஊற்றிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அவ்வளவு வெயிலில் அது எனக்குப் பெரிய அதிசயமாகப் படவில்லை. எனக்கும் ஊற்றமாட்டாளா என்றுதான் இருந்தது.

வாளி விழுந்த சத்தத்தில் விழித்துக்கொண்ட அத்தை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசலுக்கு வந்தாள்.

"இன்னா அண்ணி, இப்படி நனைஞ்சிகினு நிக்கிறே?"

"கொடம் கவுந்துடுச்சி" என்றாள் அம்மா. உடனே, மூச்சு விடாமல், "பெரிய மனுசரு வந்திருக்காரு பாரு. உங்க அண்ணனோட ரங்கூன்லருந்து வந்தவரு. உங்க அண்ணன் நல்லா கீறாராம். பின்னால வந்துகினு கீறாராம்" என்றாள்.

அத்தைக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது. அப்படியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நெசமாவா அண்ணாத்தே? எங்க அண்ணன் இளைச்சிட்டாரா?"

மரத்தடியில் இருந்தவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அத்தையின் வயிறு அவர் கண்ணில் அப்போதுதான் பட்டிருக்க வேண்டும்.

"கொஞ்சம் இளைச்சிட்டாரும்மா" என்றார்.

"எப்போ வருவாரு?"

"வருவாரும்மா. நடந்துதானே வரணும். மெதுவாத்தான் வர முடியும்."

அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. நைனா வருகிறார் என்று கொட்டகைக்குள் இருந்த பசுவிடம் போய்ச் சொன்னேன். நான் அங்கே இருக்கும்போதுதான் அம்மா உள்ளே வந்தாள். இடுப்பில் ஒரு முழுப் பரங்கிக்காய் இருந்தது. பரணில் மிச்சமிருந்தவற்றில் பெரியது அது, சாம்பல் பூத்து, காம்பு கட்டைபோல இறுகிப்போயிருந்தது. காயைத் தரையில் வைத்துவிட்டுக் கூரையில் செருகியிருந்த கொடுவாளை எடுத்தாள்.

மூக்கொழுகியை அழைத்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். மரத்தடியில் ஓர் ஆண்பிள்ளை சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கூப்பிடட்டுமா என்றேன். அதற்கும் வேண்டாம் என்றாள். பிறகு நைனா உட்காருகிறமாதிரியே உட்கார்ந்து காயைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நைனாவுக்கு ஆகாதும்மா!"

அவள் கொடுவாளை ஓங்கியபடியே என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவாது கண்ணு. இனிமே உங்க நைனாவுக்கு ஒண்ணும் ஆவாது."

முதல் வெட்டில் காய் பிளக்கவில்லை. இரண்டாவது வெட்டில் பிளந்தது. மஞ்சள் சாறு அவள் முழங்காலில் தெறித்தது. அவள் பாதியைக் கையில் எடுத்தாள். பிறகு குடலை வழித்து, விதைகளோடு அப்படியே எருக்குழியில் எறியச் சொன்னாள். விதையை எறிகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "அத்தைகிட்ட சொல்லாதே. தாத்தாகிட்டயும் சொல்லாதே" என்றாள். சொல்லமாட்டேன் என்று அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். தலை இன்னும் ஈரமாக இருந்தது.

அன்று அவள் வைத்த குழம்பின் மணம் எனக்கு இன்றைக்கும் வரும். காராமணி ஊறியிருக்கவில்லை. வெறும் சட்டியில் அதை வறுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைத்தாள். மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகும் வெந்தயமும் தாளித்து, பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டு, பெரிய துண்டங்களாகத் தோல் சீவாமல் அரிந்த பரங்கியைக் கொட்டிப் பிரட்டினாள். புளி கரைத்து ஊற்றி, கடைசியில் சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டாள். புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே களி கிண்டினாள். நன்றாகக் காய்ந்த வறட்டி அன்று ஏன் அவ்வளவு புகைந்தது என்று நான் யோசிக்கவில்லை.

நைனா வருகிற செய்தி கொண்டுவந்தவருக்கு விருந்து என்று அத்தை நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவரைக் கூடத்தில் உட்காரவைத்து அம்மா இலை போட்டாள். அவருக்கு எதிரில் நான் உட்கார்ந்தேன். பசித்திருந்த மனிதர் என்பது அவர் கையைக் கழுவிய வேகத்திலேயே தெரிந்தது. ஆனால் முதல் வாய் போனதும் அவர் கை நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் இலைமேல் விழுந்தது.

"காரமா?" என்றாள் அத்தை.

"ஆமாம்மா. நாக்குக்குப் பழக்கம் விட்டுப்போச்சு" என்றார்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிடுங்க அண்ணா. பூராவும் சாப்பிடணும்" என்றாள். அவர் பூராவும் சாப்பிட்டார். போகும்போது படலுக்கு வெளியே நின்று வீட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் வண்டியோடு வந்த தாத்தாவிடம் அத்தையே செய்தியைச் சொன்னாள். தாத்தா அன்றைக்கே நடுக்கம் பாதி குறைந்தவர்போல நடமாட ஆரம்பித்தார். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். கிழிந்திருந்த கயிற்றுக்கட்டிலைப் பிரித்துப் புதுக்கயிறு பின்னினார். ஆடி பிறந்ததும் கொட்டகைக்குப் பக்கத்தில் குழி எடுத்துப் பரங்கி விதை ஊன்றினார். "பையன் வர்ற நேரத்துக்குப் பூ உட்டிருக்கும்" என்றார். அம்மா அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாள். காலையில் எழுந்து குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டாள். அத்தை கோத்துக் கொடுத்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். அத்தை அண்ணனைப் பற்றிப் பேசினால் கூடவே உட்கார்ந்து பேசினாள், அந்தக் கட்டில் அவருக்கு நீளம் போதுமா என்றுகூடப் பேசினார்கள். சாப்பாட்டை மட்டும் எல்லோருக்கும் போட்டுவிட்டு, அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்லிக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

ஆடி முடிகிற சமயத்தில் அத்தைக்கு ஆண்குழந்தை பிறந்தது. இரண்டு நாள் வலி. குழந்தை அழுத சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மருத்துவச்சி வந்து, "பெத்தவ நல்லா கீறா, உனக்கு இன்னாடீ" என்று அதட்டினாள்.

தீட்டுக் கழித்து, குழந்தைக்குப் பேர் வைத்துத் தொட்டிலில் போட்டார்கள். பெரம்பூரிலிருந்து மாமா வந்து பார்த்தார். அத்தை எழுந்து நடமாடத் தொடங்கினாள். அதன் பிறகு ஒரு காலையில் அம்மா என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து தாத்தாவின் குரல் கேட்டது. அந்த மாதிரிக் குரல் அவரிடமிருந்து வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாடு கத்துகிறதென்று நினைத்தேன். பிறகு அத்தை. பிறகு பக்கத்து வீட்டுக்காரியும் அடுத்த வீட்டுக்காரியும் மாரில் அடித்துக்கொண்டு ஓடினார்கள். மூக்கொழுகியும் நானும் மட்டும் அந்த வீட்டில் இருந்தோம்.

நைனா செத்துப்போய்விட்டார் என்று யாரோ எனக்குச் சொன்னார்கள். யார், எங்கே, எப்படி என்பதெல்லாம் என் காதில் ஏறவில்லை. என் மனசுக்குள் ஓடியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அம்மா காயை வெட்டினாள், நைனா செத்துப்போனார். வருவார், மெதுவாக நடந்து வருவார் என்று முத்தாபுதுப்பேட்டைக்காரர் தன் வாயால் சொன்னதை நான் கேட்டேன். அதற்குப் பிறகுதான் அம்மா கொடுவாளை எடுத்தாள்.

என் அம்மாவை எனக்கு யாரையும்விடப் பிடிக்கும். அதனால் எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். வேண்டுமென்று செய்திருக்கமாட்டாள், செய்தியின் சந்தோஷத்தில் மறந்து வெட்டிவிட்டாள் என்று முடிவு செய்துகொண்டேன். இது தாத்தாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அத்தைக்குத் தெரிந்தால்? வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்கள். வந்திருந்த பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து அம்மாவைப் பற்றித்தான் பேசினார்கள். "எப்படி மனசு வந்துச்சு? பூ வெச்சிகினு, பொட்டு வெச்சிகினு" என்று ஒருத்தி சொன்னது கேட்டது. அவர்களுக்குப் பாதி தெரிந்துவிட்டது, மிச்சம் என் வாயில் இருக்கிறது என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். அம்மாவின் நெற்றியும் கழுத்தும் வெறுமையானபோது அதுவும் அந்த வெட்டுக்குக் கிடைத்த தண்டனை என்றே நினைத்தேன்.

அத்தை சில நாள் அம்மாவோடு பேசவில்லை. குழந்தையை அம்மா தூக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒரு நாள் அவளே குழந்தையைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, "இது நீ குடுத்த உசுரு அண்ணி" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அதுவும் புரியவில்லை. ஆனால் அத்தைக்கு விஷயம் தெரியாது என்பது மட்டும் நிச்சயமாயிற்று. ரகசியம் பத்திரமாக இருந்தது.

அதற்கு வந்தது ஓர் ஆபத்து. எருக்குழியில் நான் எறிந்த விதைகள் மழையில் முளைத்துவிட்டன. இரண்டிரண்டு இலையாக, கொத்தாக, ஊருக்கே சாட்சி சொல்வதுபோல நின்றன. யாராவது பார்த்து இங்கே விதை எப்படி வந்தது என்று கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். விடிந்ததும் முதல் வேலையாகப் போய் அவற்றைப் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்க வேறு இடத்தில் முளைத்தன. ஒரு காலையில் சாணி கொட்ட வந்த அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏண்டி பிடுங்கறே? அது பாட்டுக்கு வளரட்டுமே."

"சும்மாதான்" என்றேன்.

கை நிறைய நாற்றோடு நின்ற என்னை அவள் வெகுநேரம் பார்த்தாள். பரங்கிக்காயைக் கண்டாலே பிள்ளைக்கு அப்பன் நினைப்பு வருகிறது என்று எண்ணியிருக்கிறாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் குழம்பை அவள் வைக்கவேயில்லை. தாத்தா ஊன்றிய கொடியில் காய்த்ததையெல்லாம் சந்தைக்கு அனுப்பினாள். நானும், அவள் பயத்தினால்தான் வைப்பதில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

வெள்ளைக்காரன் போனான். தாத்தா போனார். எனக்குக் கல்யாணமாகி அம்பத்தூரில் குடித்தனம் வைத்தேன். என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அம்மா துணைக்கு வந்திருந்தாள். வாய்க்குப் புளிப்பும் இனிப்புமாக ஏதாவது வேண்டும்போல இருந்ததால், வீட்டுக்காரரிடம் சொல்லிப் பரங்கிக்காய் வாங்கிவரச் செய்திருந்தேன். முழுக் காய். அவர் வேலையிலிருந்து வந்து வெட்டட்டும் என்று ஓரமாக வைத்திருந்தேன். மத்தியானம் நான் கண்ணயர்ந்து எழுந்து வந்தபோது அம்மா அதைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அரிவாள்.

"வேணாம்மா!" என்று கத்திக்கொண்டு அதைப் பிடுங்கினேன். "ஏற்கெனவே நைனாவை..." என்று வாய் தவறி வந்துவிட்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, தரையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அடிப்பாவி. இத்தினி வருசமாவா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகை, நான் செய்த சத்தியம், எருக்குழி நாற்று, எல்லாவற்றையும். அவள் அழவில்லை. என் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். நைனா எங்கள் ஊருக்கு வருகிற வழியில் இல்லை. அந்த மனிதர் எங்கள் படலைத் திறப்பதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே, மலைப்பாதையில், வாந்திபேதியில் போய்விட்டிருந்தார். கிணற்றடியில் அவள் கேட்டது அதைத்தான். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டது அதற்குத்தான். அத்தையின் வயிற்றுப் பிள்ளைக்காக ஒரு பொய் சொன்னாள், அந்தப் பொய்யை உடுத்திக்கொண்டு பிரசவம் வரைக்கும் நடமாடினாள்.

"செத்துப்போனவருக்கு மேல இன்னாடி ஆவும்? அதான் வெட்டினேன். அத்தினி நாளு ஆம்பளை கைக்குன்னு காத்துகினு இருந்தும் அவரு தப்பிக்கல, அதோட எனக்கு அந்த நம்பிக்கையே போச்சு" என்றாள்.

எனக்கு அப்போதும் ஒன்று மிச்சமிருந்தது. அப்படியானால் மரத்தடியில் இருந்தவரையே வெட்டச் சொல்லியிருக்கலாமே, கொடுவாளைத் தன் கையால் எடுக்காமல் இருந்திருக்கலாமே என்று கேட்டேன்.

"விருந்தாளிடி அவரு. விருந்துக்கு வந்தவர் கைல கொடுவாளைக் குடுப்பாங்களா?"

பிறகுதான் சொன்னாள். மலையில் நடந்தவர்களுக்குப் பல நாள் சோறு கிடையாதாம். நடக்க முடியாமல் உட்காருகிற இடத்திலெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே பேசுவார்களாம். நைனா பேசியதெல்லாம் அம்மா வைக்கிற பரங்கிக்காய்க் குழம்பைப் பற்றி. காராமணி எவ்வளவு நேரம் ஊற வேண்டும், பூண்டைத் தோலோடு தட்ட வேண்டும், வெல்லம் எப்போது விழ வேண்டும் என்று, அடுப்பங்கரைக்குள் காலே வைக்காத மனிதர், ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்தாராம். "ஊர் போய்ச் சேந்ததும் நேரா எங்க ஊட்டுக்கு வந்துடுப்பா. அந்தக் கொழம்பு ஊத்தி உனக்குச் சோறு போட்டுத்தான் அனுப்புவேன்" என்று முத்தாபுதுப்பேட்டைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். துக்கம் சொல்ல வந்தவர் கிணற்றடியில் அதையும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். அம்மா விடவில்லை. சாவு சொன்ன வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அவள் எரித்தாள்.

"உங்க நைனா கூப்ட்டு வந்தவரு. அவரை எப்படிடி பசியோட அனுப்பறது?"

அன்று நான் அந்த மனிதருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். களி உருண்டையில் கட்டைவிரலால் குழி பறித்து, அதில் குழம்பு ஊற்றச் சொல்லிக் கேட்டேன். போதவில்லை என்று இன்னொரு கரண்டி கேட்டேன். அம்மா ஊற்றினாள். நைனா அழைத்த விருந்து அது. அவர் வீட்டு ஆளாக இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். அது தெரியாமல், வந்தவர் ஏன் இவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் வழித்துத் தின்றேன்.